பத்தாம் தேதி வாய்தா

மார்ச் 4, சனி. சங்கரன்கோவில்

குடும்ப நீதிமன்றத்தில் கவுன்சிலிங் செய்த மேடம் சொல்லித்தான் இந்த நோட்டைத் தொடங்கினேன். "நடந்ததையெல்லாம் தேதி போட்டு எழுதி வைங்க. பின்னால அப்படி ஒண்ணு நடக்கவே இல்லைன்னு சொல்ல நாலு பேர் வருவாங்க" என்றார். முதல் நாற்பது பக்கம் பழைய தேதிகள். அதற்குப் பிறகு ஏழு மாதமாக அன்றாடம் நடப்பது. இந்த நோட்டில் வியட்நாம் என்று எழுத வேண்டி வரும் என நினைத்ததில்லை.

என் அம்மா சண்முகவடிவு இன்சூரன்ஸ் ஏஜெண்ட். ஊரில் பாதிப் பேருக்கு அவளைத் தெரியும். மீதிப் பேரிடம் அவளே போய்த் தெரியப்படுத்திவிடுவாள். இருபத்தேழு வருடத்தில் இந்த வருடம்தான் கிளையில் முதலாவதாக வந்திருக்கிறாள். அதற்காகக் கம்பெனி அவளையும் கூட ஒருவரையும் ஒரு வாரம் வியட்நாம் அனுப்புகிறது. அப்பா இறந்து ஆறு வருடம் ஆயிற்று. தம்பி பெங்களூரில். "ஒத்தையில போக பயமா இருக்குட்டி கோமதி, நீ வா" என்றாள். அவள் எதற்கும் பயந்து நான் பார்த்ததில்லை.

பத்தாம் தேதி தென்காசி கோர்ட்டில் எங்கள் வாய்தா இருந்தது. நானும் கண்ணபிரானும் சம்மதித்துக் கொடுத்த விவாகரத்து மனு. இரண்டு பேரும் நேரில் நின்று இன்னொரு முறை சம்மதம் என்று சொன்னால் முடிந்துவிடும். போன வாரம் அம்மா வக்கீல் பிச்சையா மாமாவைப் பார்த்துவிட்டு வந்து, வாய்தா இருபத்தெட்டாம் தேதிக்குத் தள்ளிப்போய்விட்டது என்றாள். அதனால் லேபில் லீவு கேட்டேன். பத்து நாள் ரத்தம் எடுக்காமல் இருக்கப் போகிறேன்.

பருப்புப் பொடி, மிளகாய்ப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், சின்னக் கெட்டில் எல்லாம் கட்டியாயிற்று. அம்மா பாலிசி ஃபைலையும் பெட்டியில் வைத்தாள். வியட்நாமில் யாருக்கு பாலிசி போடப் போகிறாய் என்று கேட்டேன். "அது கையில இல்லாம வெளிய போனா நடையே வராது" என்றாள். ஆறரைக்கு ரயில்.

மார்ச் 5, ஞாயிறு. பயணத்தில்

சென்னை விமான நிலையத்திலேயே தொடங்கிவிட்டாள். பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு இரண்டு சின்ன மகள்கள். ஃபைலைத் திறந்து என் கல்யாண ஃபோட்டோவை எடுத்து அவள் மடியில் வைத்தாள். "இது எம் மக. பிறந்தப்பவே ஒரு பாலிசி போட்டேன். கல்யாணத்துக்கு ஒருத்தர் வாசல்ல நான் போயி நிக்கல." அந்தப் பெண் ஃபோட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் கழிப்பறைக்குப் போய் நின்றுகொண்டேன்.

குழுவில் முப்பது பேர். அழைத்துப் போகும் ரியாஸ் தம்பி ஆளுக்கொரு மஞ்சள் தொப்பி கொடுத்தார். ராஜபாளையம் ஏஜெண்ட் தங்கபுஷ்பம் அக்கா கேட்டார்: "மாப்பிள்ளை வரலையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்: "அவுக ஜெர்மனியிலல்லா இருக்காக. கம்பெனி வேலை. லீவு கிடைக்கல."

கண்ணபிரான் புளியங்குடியில் அரசு அலுவலகத்தில் இருக்கிறான். ஜெர்மனியை வரைபடத்தில் காட்டச் சொன்னால் காட்டுவானா என்பது சந்தேகம்.

விமானம் இறங்கும்போது இடது காதில் உயிர் போகிற வலி. சின்ன வயதிலிருந்தே விமானத்தில் எனக்கு இப்படித்தான் என்று தங்கபுஷ்பம் அக்காவிடம் சொன்னேன். இதுதான் நான் ஏறிய முதல் விமானம்.

மார்ச் 6, திங்கள். தா நாங்

கேபிள் காரில் மலை மேல் போனோம். இரண்டு பெரிய கல் கைகள் ஒரு பாலத்தைத் தாங்கிப் பிடித்திருக்கின்றன. எல்லோரும் அந்தக் கைகளுக்கு முன்னால் நின்று படம் எடுத்தார்கள். அம்மா பட்டுச் சேலை, அடியில் ஸ்போர்ட்ஸ் ஷூ.

"சிரிட்டி. மாப்பிள்ளைக்கு அனுப்பணும்லா" என்றாள், தங்கபுஷ்பம் அக்காவுக்குக் கேட்கும்படி.

"நீயே அனுப்பு" என்றேன்.

மதியச் சாப்பாட்டில் ஜெர்மனியில் எந்த ஊர் என்று அக்கா கேட்டார். அம்மா "பெர்லின்" என்றாள். அங்கே இப்போது குளிரா என்று கேட்டார். "எலும்பைக் குத்துதாம்" என்றாள். நான் சாம்பாரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். ஒரு பொய்யைக் கூச்சமில்லாமல் வளர்க்க அவளுக்கு எவ்வளவு நன்றாக வருகிறது. அதைக் கலைக்காமல் உட்கார்ந்திருக்க எனக்கு எவ்வளவு நன்றாக வருகிறது.

மாலையில் அம்மாவின் இரண்டு ரவிக்கைகளை வாஷ் பேசினில் துவைத்துப் போட்டேன். அவளுக்கு அந்தக் குழாயைத் திறக்கத் தெரியவில்லை.

மார்ச் 7, செவ்வாய்

காலை ஏழு மணிக்கு ஃபோனில் ஒரு செய்தி. தெரியாத எண். படித்ததும் யார் என்று தெரிந்துவிட்டது.

"வெள்ளிக்கிழமை வர மாட்டியாமே. உங்க அம்மா எங்க அம்மாட்ட சொன்னாங்க. நல்ல முடிவு. ஊருக்கு வா, பேசிக்கலாம்."

வெள்ளிக்கிழமை என்றால் பத்தாம் தேதி.

பிச்சையா மாமாவை அழைத்தேன். அங்கே இன்னும் விடியவில்லை. மூன்றாவது தடவை எடுத்தார்.

"மாமா, வாய்தா என்னைக்கு?"

"பத்தாம் தேதிதானம்மா. ஏன்?"

"இருபத்தெட்டுன்னு அம்மா சொன்னா."

"நீ மனசு மாறிட்டன்னும், ஊர்ல இல்லன்னும் உங்க அம்மா சொன்னாவ. அதான் வாய்தா கேட்டு மனு எழுதி வச்சிருக்கேன்" என்றார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"அம்மாதானம்மா வந்து சொன்னது."

நான் வராவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். அந்தப் பக்கம் சம்மதத்தை வாபஸ் வாங்கிவிடுவார்கள் என்றார். அப்புறம் தனி வழக்கு, சாட்சி, விசாரணை; எத்தனை வருடம் என்று சொல்ல முடியாது.

அம்மா குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு வந்தாள். ஃபோனை அவள் முகத்துக்கு நேராக நீட்டினேன். கண்ணாடி இல்லாமல் அவளால் படிக்க முடியாது. நானே சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

அவள் பதறவில்லை. கட்டிலில் உட்கார்ந்து தலையைத் துவட்டினாள்.

"கொஞ்ச நாளு தள்ளிப் போட்டா அவனுக்கும் புத்தி வரும்னு நினைச்சேன். அவங்க அம்மாவே கூப்பிட்டுப் பேசுனாட்டி. இனிமே கை நீட்ட மாட்டான்னு சத்தியம் பண்ணுதா."

"அதுக்குத்தான் என்னைய இங்க கூட்டிட்டு வந்தியா?"

"நீ ஊர்ல இருந்தா போயிருவலா."

இதைச் சாதாரணமாகச் சொன்னாள். நான் அவளுடைய சீப்பை எடுத்துச் சுவரில் எறிந்தேன். இரண்டாக உடைந்தது. அவள் எழுந்து இரண்டு துண்டுகளையும் பொறுக்கிக் குப்பைக்கூடையில் போட்டாள். பிறகு என் சீப்பால் தலை வாரிக்கொண்டாள்.

கீழே பஸ் நின்றது. மூன்று கோவில்கள் பார்த்தோம். எதுவும் நினைவில்லை.

மார்ச் 8, புதன். ஹோய் ஆன்

இன்று பெண்கள் தினம். இந்த ஊரில் இது பெரிய விசேஷமாம். தெருவெல்லாம் பூ விற்கிறார்கள். எங்கள் வழிகாட்டிப் பெண் பஸ்ஸில் இருந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு ரோஜா கொடுத்தாள். அம்மா அதை வாங்கித் தலையில் வைக்கப் பார்த்தாள், காம்பு நீளம்.

நேற்றுக் காலையிலிருந்து நான் அவளோடு பேசவில்லை.

ஆற்றில் படகு. ஒரு பலகைக்கு மூன்று பேர். தங்கபுஷ்பம் அக்கா வந்து என் வலப்பக்கம் உட்கார்ந்தார். அம்மா கரையிலேயே நின்று, "நீ அந்தப் பக்கம் மாறி உக்காரு தங்கம்" என்றாள். "எங்க உக்காந்தா என்ன அக்கா?" என்று அவர் சிரித்துக்கொண்டே மாறினார். அம்மா என் வலப்பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

படகு நகர்ந்தது. இடப்பக்கத்திலிருந்து அக்கா ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அப்போதுதான் யோசித்தேன். விமானத்தில் வலப்பக்கம். பஸ்ஸில் வலப்பக்கம். சாப்பாட்டு மேஜையில், ரோட்டில் நடக்கும்போது. ஊரில் அடுப்படியில்கூட என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் அவள் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம்தான் வருவாள்.

காதைப் பற்றி நான் அவளிடம் சொன்னதே இல்லை. குளிக்கும்போது தண்ணீர் போய்விட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

அறைக்கு வந்ததும் கேட்டேன். "எப்பத் தெரியும்?"

எதை என்று அவள் கேட்கவில்லை.

"காது டாக்டர் நம்ம பாலிசிதாரர்லா. நீ காட்டிட்டு வந்த மறுநாளே கூப்பிட்டுச் சொன்னாரு. செவிட்டுல அறைஞ்சு சவ்வு கிழிஞ்சிருக்கு, பிள்ளைகிட்டப் பேசுங்கன்னாரு."

நான்கு வருடத்துக்கு முந்திய ஐப்பசி அது. தேதி இந்த நோட்டின் பதினோராவது பக்கத்தில் இருக்கிறது. டாக்டரிடம் காட்டி ஒரு வாரம் கழித்து, ஒரு டின் முறுக்கோடு அம்மா என்னைப் புளியங்குடி பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். சின்ன விஷயத்தை ஊதிப் பெருசாக்காதே என்று ஜன்னல் வழியாகச் சொன்னாள். அதற்குப் பிறகு நான் அங்கே மூன்று வருடம் இருந்தேன்.

"தெரிஞ்சேதான் ஏத்தி விட்டியா?"

"தெரிஞ்சேதான்."

"ஏன்?"

அவள் புடவை மடிப்பை நீவிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "ஒரு வீட்டுக்குள்ள போனா மொதல்ல உன் கல்யாண ஃபோட்டோவைத்தான் எடுத்து வைக்கேன். அதைப் பாத்துதான் பாலிசி போடுதாக. நீ திரும்பி வந்துட்டா அந்த வீட்டுக்கெல்லாம் எந்த மூஞ்சியோட போறதுன்னு நினைச்சேன். வேற பெரிய காரணம் ஒண்ணும் கிடையாது கோமதி."

ஏதாவது பெரிய காரணம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். குடும்ப மானம், தம்பி கல்யாணம், சாதிசனம் என்று எதையாவது சொல்லியிருந்தால் கத்தியிருக்கலாம். இதற்கு எப்படிக் கத்துவது?

கீழே போய் ரியாஸ் தம்பியிடம் நாளைக்கே ஊருக்குப் போக வேண்டும் என்றேன். குழு டிக்கெட்டை மாற்ற முடியாது என்றார். புது டிக்கெட் எடுக்கச் சொன்னேன். நாளை மதியம் கோலாலம்பூர், அங்கிருந்து திருச்சி. என் அட்டையிலேயே எடுத்தேன்.

"அம்மாவுக்கு நாளைக்கு சாயங்காலம் மேடையில ஷீல்டு கொடுக்கறாங்க மேடம். நீங்க இருக்க வேண்டாமா?"

"வேண்டாம்."

மேலே வந்து சொன்னபோது அம்மா பாலிசி ஃபைலை மடியில் வைத்துக்கொண்டாள். "பாஸ்போர்ட் ரெண்டும் இதுக்குள்ள இருக்கு. தரமாட்டேன்."

சாப்பாட்டுக்கும் அதை இடுக்கிக்கொண்டுதான் வந்தாள்.

மார்ச் 9, வியாழன்

காலை எட்டு மணிக்கு அவள் முன்னால் போய் நின்றேன். "இப்பத் தரலைன்னா கீழ போயி ஜெர்மனி எந்தப் பக்கம் இருக்குன்னு எல்லாருக்கும் சொல்லுவேன். தங்கபுஷ்பம் அக்காவுல இருந்து ஆரம்பிப்பேன். சாயங்காலம் நீ மேடை ஏறும்போது ஒரு ஆளு கை தட்டாது."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஃபைலைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தாள்.

ஒருவரை மிரட்டிப் பணிய வைக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதை எங்கே கற்றுக்கொண்டேன் என்று யோசிக்கப் பிடிக்கவில்லை.

கிளம்பும் முன் அவளுடைய பிரஷர் மாத்திரைகளைக் காலை, மாலை என்று காகிதத்தில் மடித்துத் தேதி எழுதி வைத்தேன். ஹோட்டல் பெயரையும் அறை எண்ணையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கைப்பையில் போட்டேன். அவள் பெட்டியில் பெயரும் ஃபோன் எண்ணும் எழுதி ஒட்டினேன். பாசம் எல்லாம் இல்லை. அவள் எங்காவது தொலைந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

லிஃப்ட் வரை வந்தாள்.

மார்ச் 10, வெள்ளி. தென்காசி

திருச்சியிலிருந்து பஸ், மதுரையில் மாறி இன்னொரு பஸ். தென்காசி பேருந்து நிலையக் கட்டணக் கழிப்பறையில் முகம் கழுவிச் சேலை மாற்றினேன். ஊர்த் தோழியின் வீட்டில் கொடுத்து வைத்திருந்த காது டாக்டர் ரிப்போர்ட்டை அவள் கோர்ட் வாசலில் கொண்டுவந்து தந்தாள். பத்து மணிக்கு உள்ளே போனேன்.

பிச்சையா மாமா என்னைப் பார்த்ததும் கையிலிருந்த மனுவை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார், திருடின பையன் மாதிரி. "கொடுங்க" என்றேன். வாங்கி நாலாகக் கிழித்து என் பைக்குள் போட்டேன். "நீங்க இன்னைக்குப் பேச வேண்டாம் மாமா. பக்கத்துல நின்னா போதும்."

கண்ணபிரான் அவன் அம்மாவோடு வேப்பமரத்தடியில் நின்றான். வெள்ளைச் சட்டை. என் இடப்பக்கம் வந்து நின்று ஏதோ சொன்னான். கேட்கவில்லை. கேட்கவில்லை என்பது அவனுக்குத் தெரியவில்லை. நான் திரும்பி நின்றேன்.

"என்ன சொன்ன?"

"வீட்டுக்கு வான்னு சொன்னேன். உங்க அம்மாவே சம்மதிச்சிட்டாங்க."

ரிப்போர்ட்டையும் இந்த நோட்டையும் வெளியே எடுத்தேன். "இது என் காது. இது தேதி. உள்ள போயி நீ சம்மதம்னு சொல்லு. சொல்லலைன்னா ரெண்டும் இங்க இருந்து நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும், அங்க இருந்து உன் ஆபீசுக்குப் போகும். அப்புறம் உனக்கு வேலை இருக்கான்னு நீ பாத்துக்க."

அவன் அம்மா, "என்ன பொம்பளைடி நீ" என்றாள். அவன் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். நேற்று அம்மாவை மிரட்டியபோது இருந்த கூச்சம் இன்று எனக்கு இல்லை.

பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டார்கள். நீதிபதி ஒரு பெண். கண்ணபிரானிடம் முதலில் கேட்டார். அவன் வக்கீலைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான், சம்மதம் என்றான்.

பிறகு என்னைக் கேட்டார். "நீங்க யாரோட வற்புறுத்தலும் இல்லாம, உங்க சொந்த விருப்பத்துல சம்மதிக்கிறீங்களா?"

என்னைப் பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடம் எடுக்கச் சொன்னார்கள், எவனைக் கட்டச் சொன்னார்கள், எந்த பஸ்ஸில் ஏறச் சொன்னார்கள் என்று எல்லாம் ஒன்றாக வந்தது.

"ஆமாங்கம்மா. இது ஒண்ணுக்குத்தான் யாரும் என்னை வற்புறுத்தல."

அவர் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினார்.

மார்ச் 11, சனி

பதினான்கு மணி நேரம் தூங்கியிருக்கிறேன்.

மார்ச் 13, திங்கள். சங்கரன்கோவில்

அம்மா காலை ரயிலில் வந்து இறங்கினாள். கையில் கண்ணாடி ஷீல்டு. அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்காமல் அலமாரிக்குள் வைத்துக் கதவை மூடினாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"பிச்சையாவும் சொன்னாரு."

காபி போட்டு இரண்டு தம்ளரில் ஊற்றினாள். நான் தென்காசியில் ஒரு லேபில் வேலைக்குப் பேசியிருப்பதையும், அங்கேயே ஒரு வீட்டு மாடியில் ஓர் அறை பார்த்து முன்பணம் கொடுத்திருப்பதையும் சொன்னேன்.

"எதுக்குட்டி? இது உன் வீடு இல்லையா?"

"இந்த வீட்டுல இருந்துதான் என்னைய பஸ் ஏத்தி விட்ட."

காபி ஆறிப்போனது. நான் குடிக்கவில்லை.

மார்ச் 16, வியாழன். தென்காசி

காலையில் அம்மா எங்கே போனாள் என்று தெரியவில்லை. மதியம் ஒரு மணிக்குச் சங்கரன்கோவில் வீட்டு வாசலில் ஒரு லோடு வண்டி நின்றது. முன் சீட்டில் அம்மா. பின்னால் என் கட்டில், பீரோ, கிரைண்டர், தையல் மிஷின், மூட்டையாகக் கட்டிய பாத்திரங்கள்.

தனியாகவே புளியங்குடிக்குப் போயிருக்கிறாள். டிரைவர் என்னிடம் சொன்னார்: "உங்க அம்மா சீதனச் சாமான் லிஸ்டை வாசல்ல நின்னு சத்தமா படிச்சாங்க. அவங்க கட்டிலைத் தர மாட்டேன்னாங்க. இவங்க உள்ள போயி கட்டில்ல உக்காந்துட்டாங்க. ரெண்டு மணி நேரம் எந்திரிக்கல. தெருவே கூடிட்டு."

எதிர்வீட்டு பொன்னுத்தாய் அத்தை வெளியே வந்தார். "என்ன மதினி, மாப்பிள்ளை வெளிநாட்டுல இருந்து வந்துட்டாகளா?"

அம்மா வண்டியிலிருந்து இறங்காமலே சொன்னாள்: "அவன் எந்த வெளிநாட்டுக்கும் போகல. எம் பிள்ளையைப் போட்டு அடிச்சான். அவ தீத்துட்டு வந்துட்டா. நாந்தான் உங்ககிட்டல்லாம் பொய் சொன்னேன்."

தெருவில் நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும். அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நான்கு வருடம் பிந்திவிட்டது என்பதும் தெரியும். நன்றி சொல்ல வாய் வரவில்லை. நான் கேட்காமல் என் சாமானை எடுக்க இவள் யார் என்றுதான் முதலில் தோன்றியது.

"இங்க இறக்க வேண்டாம் அண்ணே. நேரா தென்காசிக்கு விடுங்க" என்றேன்.

அம்மா நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். "நானும் வாரேன். ஒத்தையில எப்படி இறக்குவ?"

"இறங்கும்மா."

இறங்கினாள்.

கட்டிலை நானும் டிரைவரும் மாடிக்கு ஏற்றினோம். பீரோ படியில் சிக்கியதால் கீழேயே கிடக்கிறது. நாளை ஆள் கூப்பிட வேண்டும். அம்மா மூன்று தடவை ஃபோன் செய்தாள். மூன்றாவது தடவை எடுத்தேன்.

"சாமான் வந்து சேந்துதா?"

"சேந்துது."

"கதவு தாழ்ப்பாள் நல்லா இருக்கா?"

"இருக்கு."

"நான் எப்ப வர?" என்று கேட்டாள்.

"எனக்கு இன்னும் உம்மேல கோபம் போகல. போகுமான்னும் தெரியல. வரணும்னா நானே சொல்லுதேன். அதுக்கு முன்னால வராத."

"சரி" என்றாள்.

இன்னும் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். ஃபோனை நான்தான் முதலில் வைத்தேன்.